கை தூக்கச் சொன்ன கூட்டம்

உடம்பு இளைக்க மாவு விற்பவன் பல்லைக் காட்டிக்கொண்டே மைக்கைத் தட்டிப் பார்த்தான்.

"சர்க்கரை, பிரஷர், இதயக் கோளாறு, கிட்னி... எது இருந்தாலும், மாத்திரை சாப்பிட்டாலும், வெட்கப்படாம கை தூக்குங்க!"

பேருந்துப் பணிமனையின் ஓய்வறை முழுக்க ஓட்டுநர்கள். அவர்கள் நடுவிலேயே நாற்காலி போட்டு மேலாளர் உட்கார்ந்திருந்தார். தொப்பை குறைத்தால்தான் ஓட்டுநருக்கு அழகு என்று இந்த மாவுக்காரனை அழைத்து வந்தவரே அவர்தான். அவர் கண்ணெதிரே எவன் கை தூக்குவான்?

டீத் தட்டோடு சுவரோரம் நின்ற கேன்டீன்காரி தன் கணவரைப் பார்த்தாள். மேலாளருக்கு அடுத்த நாற்காலியில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, ஒன்றும் அறியாத பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிற மனுஷன்.

"யாருமே இல்லையா? சூப்பர்! உங்களுக்கு நீங்களே ஒரு கைதட்டு குடுங்க!"

தட்டினார்கள். அத்தோடு மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டதாம்.  கையில் டீத் தட்டு மட்டும் இல்லாவிட்டால் அங்கேயே துப்பியிருப்பாள்.

அன்று மாலை வீட்டு மேசையில் மாவுப் பொட்டலங்கள் வந்து உட்கார்ந்தன. மூன்று வேளையும் அதைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், வேறு சாப்பாடே கூடாது. ஈரக் காலுறையில் வாசனைத் தைலம் தெளித்த மாதிரி ஒரு நாற்றம்.

"கை தூக்கறதுக்கு என்ன கேடு உங்களுக்கு?"

"பக்கத்துலயே மேனேஜர். தூக்கினா அப்பவே ஸ்டியரிங்கைப் புடுங்கிட்டு ஆபீஸ்ல உக்கார வெச்சிடுவாரு."

"சரி, டாக்டரையாவது கேட்டுட்டு ஆரம்பிங்க. மாத்திரை அதே மாத்திரை, சாப்பாடு மட்டும் கால்வாசியா? வயித்துக்குள்ள என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"மாவுதானே, விஷமா? சும்மா தொணதொணக்காதே."

சில நாள் கழித்து ஒரு காலை. கேன்டீன் ஜன்னல் வழியாகக் கணவர் வண்டியைப் பின்னால் எடுப்பதைப் பார்த்தாள். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்கவில்லை. வண்டி கழுவுகிறவர் வாளியைப் போட்டுவிட்டு ஒதுங்கினார். அடுத்த கணம் தண்ணீர் டிரம் நசுங்கியது.

அவள் ஓடிப்போய் ஏறினாள். கணவரின் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. "ஸ்டாப்பிங் வந்துடுச்சு, எல்லாரும் இறங்குங்க" என்று காலி வண்டியைப் பார்த்து உளறினார். நல்லவேளை, விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. அள்ளிச் சர்க்கரை போட்ட டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். மெல்ல அவர் பார்வை தெளிந்தது.

அதற்குள் மாவுக்காரன் மோப்பம் பிடித்து வந்துவிட்டான். "பயப்படாதீங்க அக்கா. உடம்புல இருக்கற கழிவு வெளியேறுது. நல்ல அறிகுறிதான்."

"நகருய்யா. கழிவு உன் வாயிலேர்ந்துதான் வெளியேறுது."

மேலாளரிடம் கணவர் சொன்னது, ராத்திரி சரியாகத் தூங்கவில்லையாம். அவரும் அதை நம்பிவிட்டார். நம்புவதுதானே வசதி!

அவள் இழுத்துப்போய்க் காட்டிய டாக்டர் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. "நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டாலும் இந்த மாத்திரை சர்க்கரையை இறக்கிக்கிட்டேதான் இருக்கும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்திருந்தா, ரத்தம், கிட்னி, இதயம் எல்லாம் பாத்து மாத்திரையை மாத்தியிருப்பேன். இது உங்களுக்குச் சரிப்படுமான்னும் சொல்லியிருப்பேன். மாவை இன்னியோட நிறுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் வண்டியைத் தொடாதீங்க."

வெளியே வந்ததும் கணவர் குரலைத் தாழ்த்தினார். "லீவு போட்டா காரணம் கேப்பாங்க. ஒழுங்கா சாப்பிட்டுட்டு ஓட்டிக்கறேன். நீ வாயைத் திறக்காதே."

 வாளியைப் போட்டுவிட்டு ஒதுங்கிய அந்த மனுஷன்தான் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றார். நாளைக்கு அந்த வண்டி நிறைய ஜனம் இருக்கும். இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதர்மீது அவளுக்கு முதல்முறையாக அருவருப்பு வந்தது.

மறுநாளே அடுத்த கூட்டம். அதே மைக், அதே பல். "வெட்கப்படாம கை தூக்குங்க!"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். நேராகப் போய், தொடைக்கு அடியிலிருந்த கணவரின் கையை இழுத்து எடுத்து உயரத் தூக்கினாள்.

"விடு, மானம் போகுது."

"போகட்டும்." மேலாளரைப் பார்த்துச் சொன்னாள்: "இவருக்குச் சர்க்கரை சார். மாத்திரை சாப்பிடறாரு. அன்னிக்கு டிரம்முல இடிச்சது தூக்கத்தால இல்ல. டாக்டர் வண்டியைத் தொடக் கூடாதுன்னுட்டாரு."

மேலாளர் முகம் சுண்டிப்போனது. "சாவியைக் குடுங்க" என்றார். கணவர் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அவள் மற்ற வரிசைகளைப் பார்த்தாள். தினமும் அவள் காதருகே வந்து "அக்கா, எனக்குச் சர்க்கரை போடாம" என்று கிசுகிசுப்பவர்கள் எல்லா வரிசையிலும் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. கைகள் மடியிலேயே கிடந்தன.

"பாத்தீங்களா, எவ்வளவு பாதுகாப்பா நடத்தறோம்!" என்றான் மாவுக்காரன். "அக்காவுக்கு ஒரு கைதட்டு!"

பலமாகவே தட்டினார்கள். தட்டுவதற்கு எல்லோருக்கும் கை இருந்தது.