ஊசி இறங்கிய பிறகு

மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி பூப்பது வெளியில், காய்ப்பது மண்ணுக்குள். காலையில் மலரும் மஞ்சள் பூ வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். பூ இருந்த இடத்திலிருந்து ஊசி போல ஒன்று நீண்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, மண்ணைத் தேடிப் போகும். உள்ளே இறங்கி இருட்டைக் கண்ட பிறகுதான் அதன் நுனி பருத்துக் காயாகும். இறங்க முடியாத ஊசி காற்றிலேயே கருகிவிடும்.

அம்சாவுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒலக்கூருக்குப் பக்கத்தில் அந்தக் கிணற்றுக்கொல்லையில் அவள் இருபது வருஷமாக மல்லாட்டை போடுகிறாள். கொல்லையைச் சுற்றி இப்போது பயிர் வைப்பவர்கள் யாரும் இல்லை. மூன்று பக்கமும் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள். திண்டிவனம் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி மனைப்பிரிவுக்கு ஒரு வளைவும் கட்டிவிட்டார்கள். மிச்சமிருந்தது இவர்களுடைய கொல்லை ஒன்றுதான்.

"எத்தினி நாளைக்கு நாம மட்டும் ஒண்டியா நட்டுக்கினு இருக்கறது?" என்று ஆனி மாதம் அவள் புருஷன் பாண்டுரங்கன் கேட்டான். "பன்னி வருது, மயிலு வருது. காவலுக்குப் பக்கத்துக் கொல்லையில ஒரு ஆளு இருக்கா? இல்ல, மழைதான் நம்ம பேச்சு கேக்குதா? நாமளும் மனைக்காரனுக்கு வித்துடலாம்."

"இந்த ஒரு பட்டம் பாக்கலாங்க. காய் புடிக்கலன்னா நீங்க எங்க சொல்றீங்களோ அங்க வந்து நான் கைநாட்டு வெக்கிறேன்."

"புடிச்சா?"

"புடிச்சா இந்தப் பேச்சே வீட்டுல எடுக்கக் கூடாது."

அவன் சிரித்தான். "சரிடி, உம் மல்லாட்டை சொல்லட்டும்" என்றான்.

விதை நன்றாக முளைத்தது. பூவும் குறையில்லை. முதல் ஊசிகள் இறங்கிய சமயத்தில் ஜிப்சம் தூவி மண் அணைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கொல்லையில் இரும்பு வைக்கக் கூடாது. ஊசி இறங்கிய பிறகு கொத்து போடுகிறவளை ஊரில் பைத்தியம் என்பார்கள்.

அதன் பிறகு ஒரு ராத்திரி முழுக்க அடித்த மழை மண்ணை அறைந்து இறுக்கியது. அடுத்து வந்த வெயில் அதை ஓடு போலக் காய வைத்தது. அம்சா குனிந்து பார்த்தாள். செடிக்குச் செடி ஊசிகள் நீண்டு வந்து, மண்ணைத் தொட்டு, இறங்க முடியாமல் வளைந்து நின்றன. சிலவற்றின் நுனி கருக்கத் தொடங்கியிருந்தது. கதவைத் தட்டி அலுத்துப்போன விரல்கள் மாதிரி இருந்தன. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கிணற்றில் தண்ணீர் இறைத்து மண்ணை நனைத்திருக்கலாம். மோட்டார் ரிப்பேராகிக் கிடந்தது. பாண்டுரங்கன் எடுத்துப்போய்க் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் களைக்கொத்தை எடுத்தாள். மேலே மட்டும், இறுகிய மேல்மண்ணை மட்டும் உடைத்துவிடலாம் என்று நினைத்தாள். செடிக்குச் செடி குந்தி, மண்ணை உடைத்து, தொங்கிய ஊசிகளை விரலால் எடுத்துப் பொடிமண்ணில் வைத்தாள். வைக்க வைக்க அவளுக்குள் ஏதோ அடங்கியது. யாருக்காவது வாயில் ஊட்டுவது போன்ற நிம்மதி. நடுவில் ஒருமுறை நிமிர்ந்தபோது பாண்டுரங்கன் வரப்பில் நின்றிருந்தான். ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு செடி வளர்ந்தது, அப்படி ஒரு வளர்ச்சி. கரும்பச்சையாக, தளதளவென்று, வரப்பை மூடிக்கொண்டு கிளம்பியது. மனை பார்க்க வந்தவர்கள் காரை நிறுத்திப் பார்த்தார்கள். எல்லோரும் நல்ல மகசூல் என்றார்கள். அம்சாவும் தலையாட்டினாள்.

வேறு வருஷமாக இருந்தால் இதற்குள் இரண்டு செடி பிடுங்கிப் பார்த்திருப்பாள். இந்த முறை கை வரவில்லை. கை செடியின் தூர்வரை போகும், திரும்பிவிடும். பிடுங்கினால் ஒரு செடி வீணாகுமே என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அது காரணம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொள்ளாத வரைக்கும் கொல்லை அவளுடையது.

புரட்டாசி முடிகிற நேரத்தில் கிளியம்மாள் தன் ஆட்களோடு வந்தாள். மல்லாட்டை ஆய்கிற பெண்களுக்குக் கூலி காசாக இல்லை. ஆய்ந்த காயில் ஒரு பங்கு. அதனால் கொல்லையில் இறங்குவதற்கு முன் ஓரத்தில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். காய் கண்ணில் பட்டால்தான் முந்தானையைச் செருகுவார்கள்.

"இன்னாம்மே, செடிய இப்பிடி வளத்து வெச்சிருக்க? உள்ள போனா ஆளே தெரியாது போல" என்று கிளியம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு செடியைப் பிடுங்கி உதறினாள்.

சிரிப்பு நின்றது. இன்னொன்றைப் பிடுங்கினாள். நடுக்கொல்லைக்குப் போய் அங்கேயும் பிடுங்கினாள். தூரில் இரண்டு பிஞ்சு, பருப்பில்லாத ஒரு பொக்கு. மற்ற இடமெல்லாம் அறுந்த ஊசிகளின் காய்ந்த துண்டுகள்.

"கொத்து போட்டியா?"

அம்சா அறுந்த துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்தாள்.

"ஊசி எறங்கினப்பறம் கொத்து போட்டியாடி? உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"

"மேல நெறைய தொங்கிக்கினு இருந்துச்சுக்கா. காஞ்சிக்கினு இருந்துச்சு."

"தொங்கனது கண்ணுக்குத் தெரிஞ்சுது. உள்ள போயிருந்தது?" கிளியம்மாள் செடியைக் கீழே போட்டாள். "காய்க்குப் போவ வேண்டியதெல்லாம் எலைக்குப் போயிருக்குது பாரு. அதான் இந்த மினுக்கு." மற்ற பெண்களைப் பார்த்துத் தலையசைத்தாள். போகும்போது மட்டும் அம்சாவின் தோளைத் தொட்டுவிட்டு, "கொடியையாவது அறுத்து மாட்டுக்குப் போடு" என்றாள்.

அவர்கள் போன பிறகு அம்சா வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே இறங்கிய ஊசிகளை அவள் ஒருகணம்கூட நினைக்கவில்லை. தவித்து நின்றவை மட்டும்தான் கண்ணில் பட்டன. சத்தமில்லாமல் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தவற்றை அவளே அறுத்திருக்கிறாள்.

பாண்டுரங்கன் வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். கிளியம்மாள் வழியில் சொல்லியிருக்க வேண்டும்.

"அன்னிக்கு நீங்க பாத்தீங்க" என்றாள்.

"பாத்தேன்."

"அறுவும்னு தெரியும் இல்ல?"

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவன் கையிலிருந்த மண்கட்டியைப் பொடித்துக்கொண்டிருந்தான். "சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரல. என்னால முடியலடி."

அவன் முகத்தைப் பார்த்தாள். தோற்கடித்தவனின் முகமாக அது இல்லை. சுமையை இறக்கி வைத்துவிட்டு, அதற்காகக் கூசி நிற்கிறவனின் முகம். கோபம் வரும் என்று காத்திருந்தாள். தனக்குள் துழாவிப் பார்த்தாள். பிடுங்கிப் பார்க்கத் துணியாத அந்த நாட்களில் அவளுக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது. கை வைத்த இடத்தில் கோபம் இல்லை. வெறும் பொக்கு.

மறுவாரம் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள்.

மனை போடுகிறவர்கள் பயிரை எடுத்துக்கொள்ளச் சில நாள் விட்டிருந்தார்கள். அம்சா அரிவாளோடு இறங்கி, செடியைப் பிடுங்காமல், தூரை ஒட்டி அறுத்தாள். மல்லாட்டை வேரில் சிறுசிறு முடிச்சுகள் இருக்கும். நகத்தால் நசுக்கினால் உள்ளே ரத்தம் கலந்தது போல் சிவப்பாக இருக்கும். காற்றிலிருந்து செடிக்கு உரம் பிடித்துக் கொடுப்பது அந்த முடிச்சுகள்தான். வேரை மண்ணிலேயே விட்டால் மட்கி, அடுத்துப் போடும் கேப்பைக்கு அதுவே உரம். காய் இல்லாத செடியை அப்படி அறுத்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

கொடி வாங்கிப்போக வந்த கிளியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்லு நடப்போற எடத்துல வேர இன்னாத்துக்கு வுட்டு வெக்கிற? பிடுங்கிப் போட்டா ஜல்தியா முடியும் இல்ல."

"கை அப்பிடித்தாங்கா போவுது."

அவள் பாதிக் கொல்லையைத் தாண்டுவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஆட்கள் நூல் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒருவன் கடப்பாறையை ஓங்கிக் குத்தினான். அது எதிர்பாராத ஆழத்துக்கு இறங்கியதில் தடுமாறி, கூட இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான்.

"மண்ணு பொலபொலன்னு கீதுடா. இங்க சீக்கிரம் முடிஞ்சிடும்."

கல்லைத் தூக்கி வைத்தார்கள். தட்ட வேண்டியிருக்கவில்லை. சுலபமாக உள்ளே போய் நின்றது. அம்சா அடுத்த செடியின் தூரைப் பிடித்தாள்.