ஒரு கிண்ணம் மருதாணி

மன்னர் ஷாவின் சித்தப்பாவான இளவரசரின் தாடி மசூதிக் கும்மட்டத்துப் பச்சை ஓட்டின் நிறத்துக்கு வந்துவிட்டது. வானத்தோடு சேர்த்துப் பார்த்தால் அது அழகான நிறம்தான். முகத்தோடு சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

தப்பு முழுக்க ரஜபுடையது. தெஹ்ரானில் பாதிப் பிரபுக்களின் நரையை மறைப்பவர் அவர். முதலில் மருதாணி, அதைக் கழுவிய பிறகு நீலச் சாயமான அவுரி. அப்போதுதான் கறுப்பு பிடிக்கும். வெள்ளை முடியில் வெறும் அவுரியை அப்பினால் என்ன ஆகும் என்பது தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துவிடும் சங்கதி. இன்று காலை இளவரசரின் குளியலறைக்குள் நுழைந்தபோது, நாளை குலந்தாமிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று ரஜப் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மருதாணியை மறந்தார். அவுரியை மறக்கவில்லை.

குலந்தாம் அதே மாளிகையில் பெண்கள் பகுதியில் வேலை செய்பவள். நூலால் முகமயிர் எடுத்து, இரண்டு புருவத்தையும் ஒன்றாகச் சேர்த்து வரைந்து, மேலுதட்டில் மெல்லிய மீசை நிழலும் தீட்டிவிடுவாள்; அந்த ஊரில் பெண்ணுக்கு அதுதான் அழகு. கணவனை இழந்தவள். ரஜப் மனைவியை இழந்தவர். கட்டிக்கொள்கிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டாயிற்று. முதல் தடவை, "பனி உருகட்டும் உஸ்தாத்" என்றாள். பனி உருகி ஓடும்போது கேட்டதற்கு, "சேறு காயட்டும்" என்றாள். நாளை வசந்தப் புத்தாண்டு. கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடுவது என்றிருந்தார். அதற்கு மேல் கேட்டால் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

"ரஜப், கண்ணாடி எங்க?" என்றார் இளவரசர், கண்ணைத் திறக்காமல்.

"இன்னும் முடியல எஜமான். அப்படியே படுத்திருங்க. இந்த வருஷம் ரெண்டு பூச்சு."

"ஏன், அவ்வளவு நரைச்சுப் போச்சா?"

"தாடி அடர்த்தியாயிடுச்சு எஜமான்."

இளவரசர் திருப்தியோடு குறட்டையைத் தொடர்ந்தார்.

நாளை காலை எல்லாரும் ஷாவின் முன் வரிசையாக நிற்க வேண்டும். அந்தச் சபையில் யாருக்கும் வயதாகக் கூடாது. ஒரே துணியில் வெட்டி ஒட்டியதுபோல் கறுத்த தாடிகள் நிற்கும். நடுவே ஒரு கும்மட்டம்.

ரஜப் ஓடிப்போய்ப் பெண்கள் பகுதியின் திரைக்கு இப்பால் நின்று கூப்பிட்டார். குலந்தாம் வந்தாள், அதாவது, திரை அசைந்தது. அவள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு குரலும் அதிலிருந்த நக்கலும்தான். நடந்ததைச் சொன்னார்.

"எந்தப் பச்சை? பிஸ்தாவா, கும்மட்டமா?"

"கும்மட்டம்."

"மேல மருதாணி போட்டுட்டு மறுபடி அவுரி போடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். ஊற வெச்ச மருதாணிதானே வேணும். இப்பக் கரைச்சா சாயங்காலம்தான் நிறம் இறங்கும். அவரு அதுவரைக்கும் தூங்க மாட்டாரு."

"எங்கயுமே இல்லையா?"

"வீட்டுல ஒரு கிண்ணம் ஊறுது."

"யாருக்கு?"

ரஜப் தன் செருப்பைப் பார்த்தார். "எனக்குத்தான். நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றதுக்கு."



"கொண்டுவந்து அவருக்குப் பூசுங்க," என்றது குரல், நக்கல் இல்லாமல்.

மதியத்துக்குள் இளவரசர் இருபது வயது இறங்கிவிட்டார். ரஜபின் கிண்ணம் காலி. அவுரியும் இரண்டாம் பூச்சோடு தீர்ந்தது. பண்டிகைக்காகக் கடைவீதியை அடைத்துவிட்டார்கள். மறுநாள் கன்னத்தை ஒட்டி ஒரு விரல் அகலம் வெள்ளை, அதன் கீழே பழைய கறுப்பு என்று இரண்டு மாடித் தாடியோடு குலந்தாமின் கதவைத் தட்டினார்.

கதவு ஒரு கை அகலம் திறந்தது. "தாடிக் கறுப்பு எங்க உஸ்தாத்?"

"தர்பாருக்குப் போயிருக்கு."

உள்ளே சிரிப்பு கேட்டது. பிறகு அது நின்றது.

"நானும் ஒண்ணு சொல்லணும். ஊருக்கெல்லாம் புருவத்தைச் சேர்த்து வைக்கிறேன். என் முகத்துல அந்தச் சாயம் பட்டாக் கொப்புளம் வந்துடும். நடுவுல வெறும் தோல்தான். மீசையும் கிடையாது. அழகின்னு நெனச்சு வந்திருந்தா இப்பவே திரும்பிடுங்க. அதனாலதான் பனி, சேறுன்னு இழுத்துக்கிட்டிருந்தேன்."

முகங்களை வைத்தே சோறு தின்கிற ரஜபுக்கு, அவள் புருவத்தை இதுவரை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"குரலுக்கு ஒரு வாய் மட்டும் வெச்சுப் பாத்தேன்," என்றார். "அதுக்கு மேல என் கற்பனை ஓடல. நீங்க என் நரையைப் பாத்துட்டீங்க. இப்ப நேராச் சொல்லுங்க, கட்டிக்கிறீங்களா?"

கதவுச் சங்கிலி கழன்று விழுந்தது.

"நரை உங்களுக்குப் பொருந்தல. கடை திறந்ததும் கறுப்பாக்கிடுங்க," என்றாள் குலந்தாம். "மத்தபடி, கட்டிக்கிறேன்."