தங்கமாரியின் கன்னம்

தங்கமாரியின் முகத்துக் கட்டை அவிழ்த்த நாளில் வேல்விழிதான் கூடப் போயிருந்தாள். புண் ஆறிவிட்டது என்று நர்ஸ் சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் அடுத்த இரண்டு மாதத்தில் ஆறின இடம் சிவந்து தடித்தது. இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை கயிறு ஓடினாற்போல் மேடு கட்டியது.

இருவரும் சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஒரே லைனில் வேலை. வடக்குப்பட்டில் ஞானம்மா வீட்டு மாடியில் ஒரே அறை. விபத்து நடந்த அன்றைக்கு மெஷினின் வாயில் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டது. தங்கமாரி குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தாள். "இன்னா பண்ணிகினு கீறீங்க, லைன் நிக்குது!" என்று சூப்பர்வைசர் ரகு கத்தினான். வேல்விழி பதறி, எதிரில் யார் என்று பார்க்காமல் பட்டனை அமுக்கினாள். உருகிய பிளாஸ்டிக் பீச்சியடித்தது.

மெஷின் தானாக ஓடிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். முகக்கவசம் மாட்டாதது தொழிலாளியின் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக்கொண்டது. வேல்விழி வாயைத் திறக்கவில்லை.

தோல் டாக்டர் அறிவுமதி ஒளிக்காமல் பேசுகிறவர். "தழும்பு முழுசா மறையாதும்மா. தட்டையாக்கலாம், நிறத்தைக் குறைக்கலாம். சிலிக்கான் ஜெல்லை ரெண்டு வேளை தடவி, விரலால மெதுவா நீவி விடணும். வெயில் படக்கூடாது. தடிச்ச இடத்துல மாசம் ஒரு ஊசி. ஒரு வருஷம் பொறுக்கணும்."

வருஷமா? ஆவணியில் தங்கமாரிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை நெல்லையப்பன் கோயம்புத்தூரில் இருந்தான். வீடியோ காலில் தங்கமாரி வலது பக்கத்தை மட்டும் காட்டிப் பேசினாள்.

காலையும் மாலையும் ஜெல் தடவி நீவி விட்டது வேல்விழிதான். "என் கூடப்பொறந்தவகூட இப்படிச் செய்யமாட்டாட்டி" என்பாள் தங்கமாரி. கேட்கும்போதெல்லாம் வேல்விழி ஜெல் மூடியைத் தேடுகிறவளாய்க் குனிந்துகொள்வாள்.

முதல் ஊசிக்குப் பிறகும் பெரிய மாற்றம் தெரியவில்லை. நாள் நெருங்க நெருங்க வேல்விழிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மருந்துக் கடையில் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு டியூப் கொடுத்தார்கள். பதினைந்தே நாளில் முகம் தெளிந்துவிடுமாம்.

"டாக்டர்கிட்ட கேட்டியாட்டி?" என்றாள் தங்கமாரி.

"கேட்டேன்" என்று பொய் சொன்னாள் வேல்விழி.

முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆனது. தங்கமாரி பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள். அந்த மாத ஊசிக்குக்கூடப் போகவில்லை. கன்னம், நெற்றி என்று முகம் முழுக்கத் தடவினாள். ஐந்தாவது வாரம் தோல் வெங்காயச் சருகாய் மெலிந்து, உள்ளே சிவப்பு நரம்புகள் தெரிந்தன. பருக்கள் கிளம்பின. மேலுதட்டில் முடி முளைத்தது. கம்பெனி பஸ்ஸுக்கு நடக்கும் நேரத்து வெயிலையே அவளால் தாங்க முடியவில்லை.

"ஐயோ, இன்னாமா இது, நல்லா இருந்த பக்கமும் இப்டி ஆயிட்ச்சி!" என்று ஞானம்மா வாயில் அடித்துக்கொண்டாள்.

டியூபைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறியது. "இதுல இருக்கறது ஸ்டீராய்டு. ஊசியில நானும் அந்த வகை மருந்துதான் போடுறேன். ஆனா தழும்புக்குள்ள மட்டும், அளந்து. இதை முகத்துல பூசச் சொன்னது யாரு?"

தங்கமாரி வேல்விழியைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கதான் சொன்னதா இவ..."

அறைக்கு வந்ததும் வேல்விழி எல்லாவற்றையும் சொன்னாள். டியூபில் தொடங்கி பட்டன்வரை. தங்கமாரி அழவில்லை, கத்தவில்லை.

"கிரீமையாவது என்கிட்ட காட்டிட்டுத்தான் குடுத்த. பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா?"

"பாக்கலட்டி. சத்தியமா பாக்கல."

"சரி, அன்னைக்குப் பாக்கல. பெறவு ஆறு மாசமா தெனமும் என் மூஞ்சியைப் பாத்தியே."



மறுநாள் வேல்விழி நடந்ததை எழுதி கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தாள். ரகு கத்தியதையும் சேர்த்தே எழுதியிருந்தாள். மூன்றாம் நாள் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். பழைய அறிக்கையில் ஒரு வரிகூட மாறவில்லை. நிச்சயதார்த்தம் முதலில் தள்ளிப்போனது. பிறகு நெல்லையப்பன் வீட்டார் போன் எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த ஊசி நாளில் வேல்விழி மருத்துவமனை வாசலில் போய் நின்றாள். தங்கமாரி துப்பட்டாவால் முகத்தைச் சுற்றியபடி தனியாக வந்தாள்.

"உள்ள நானும் வரட்டா?"

"வேண்டாம். முகம் தேற இன்னும் மாசக்கணக்குல ஆகும்ங்காவ டாக்டரு. நான் பாத்துக்கிடுதேன்." துப்பட்டாவை இறுக்கிக்கொண்டாள். "நீ ஊருக்குப் போ வேல்விழி. உன்னை வையணும்னு இல்ல. உன்னைப் பாத்தா எனக்கு எரியுது, அவ்வளவுதான்."

உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். தங்கமாரி படியேறிப் போனாள்.