லோகநாயகி ஊட்டு பி.பி. நம்பர்

ஆவடி குவார்ட்டர்ஸ்ல எங்க லைன்லயே மொத மொதல்ல டெலிபோன் வந்தது எங்க ஊட்டுக்குத்தான். அதுலேர்ந்து அக்கம்பக்கத்துல அத்தினி பேரும் எங்க நம்பரப் போட்டு, பக்கத்துல பி.பி.ன்னு எழுதிடுவாங்க. போன் ஒருத்தர் ஊட்டுல, பேச வேண்டியவங்க இன்னொருத்தர் ஊட்டுல, அதான் பி.பி. நடுவுல ஓடறது நானு. எங்கூட்டுக்காரரு உலகநாதனுக்கு இன்னா, ஜம்முனு ஃபாக்டரிக்குப் போயிடுவாரு. தேஞ்சது என் செருப்புதான்.

அடுத்த ஊட்டு நாகம்மா பொண்ணு புஷ்பா கம்ப்யூட்டர் படிச்சுட்டு வேலை தேடிகினு இருந்துது. பெங்களூர் கம்பெனிங்க நேர்ல கூப்பிடறதுக்கு முன்னாடி போன்லயே பரீட்சை வெப்பாங்களாம். அதுக்கும் எங்க நம்பர்தான். மொத தடவ போன் வரப்போற அன்னிக்கி, தண்ணி புடிக்கற எடத்துல ஒரே ஒரு வார்த்த சொன்னேன். அவ்ளோதான், ஊடு பூரா சனம். பொன்னியம்மா முறுக்குத் தட்டோட வந்து சப்பணம் போட்டு உக்காந்துட்டா. புஷ்பாவுக்கு வாயே தொறக்கல. ரெண்டாவது தடவ யார்கிட்டயும் சொல்லல, பொன்னியம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன். அதே கூட்டம், அதே முறுக்கு. அந்த வேலையும் பூட்ச்சு.

"இன்னும் ஒரு வாட்டிதான் பாப்பேன். ஆவலன்னா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல தையல் கம்பெனிக்குப் போயிடு, சொல்லி வெச்சிக்கீறேன்"னு நாகம்மா கண்டிஷனா சொல்லிட்டா. புஷ்பா என் கையப் புடிச்சுகினு, "அத்தே, இந்த தடவ மூச்சு வுடாதீங்க, என் பொழப்பே இதுலதான் கீது"ன்னு அழுதுது. எனக்குக் கோவம் வந்துடுச்சு. நான் இன்னா ரேடியோவா?

மூணாவது போன் வந்தப்போ கதவச் சாத்தித் தாப்பா போட்டேன். உள்ள நானும் அவளும்தான். வெளியூர் போனுன்னா கத்தித்தான் பேசணும்னு எங்களுக்குப் பழக்கம், அவளும் இங்கிலீஷ்ல கத்துனா. நல்லாத்தான் போய்க்கினு இருந்துது. திடீர்னு நின்னுட்டா. மொகம் வெளுத்துப் போச்சு. அய்யோ, மறுபடியுமான்னு தாப்பாவ ஒரு தடவ பாத்துகினேன். அப்ப என்னிய ஒரு பார்வ பாத்தா பாரு! பாத்துட்டு மடமடன்னு பேச ஆரம்பிச்சா. நடுவுல 'லோகநாயகி'ன்னு என் பேரு வருது. அந்தப் பக்கம் ஆபீசர் சிரிக்கறது எனக்கே கேக்குது.

போன வெச்சதும் புடிச்சுகினேன். "என் பேரு எதுக்குடி வந்துது?"

"ரெண்டு ஊர்ல ரெண்டு கம்ப்யூட்டர். ஒண்ணு சேதி அனுப்பறப்போ இன்னொண்ணு அணைஞ்சு கெடந்தா, சேதி எப்பிடிப் போய்ச் சேரும்னு கேட்டாரு. படிச்சதெல்லாம் மறந்து போச்சு அத்தே. உங்களப் பாத்தேன். எங்க பக்கத்து ஊட்டு லோகநாயகி அத்த, நான் இல்லாதப்போ சேதிய வாங்கி வெச்சுப்பாங்க, நான் வந்ததும் குடுப்பாங்க, 'கெடச்சுது'ன்னு நான் சொல்ற வரைக்கும் வுடமாட்டாங்க, நடுவுல அப்பிடி ஒரு மெஷின் வெக்கணும்னு சொன்னேன்."

"அடிப்பாவி, என்னிய மெஷினாக்கிட்டியா?"

"வழியில சேதி வேற யாருக்காவது தெரிஞ்சுபோனா இன்னா பண்ணுவேன்னும் கேட்டாரு. உசுரே போனாலும் அத்த வேற யார்கிட்டயும் சொல்லமாட்டாங்கன்னு சொன்னேன்."

இத்தினி வருசத்துல என்னியப் பத்தி யாரும் அப்பிடி ஒரு வார்த்த சொன்னதில்ல. எங்கூட்டுக்காரரு கூட.

ஒரு வாரம் தகவலே இல்ல. பொறுத்துப் பாத்த நாகம்மா, அவளத் தையல் கம்பெனியில பேரு குடுத்துட்டு வரச் சொல்லி ரயிலேத்தி அனுப்பிச்சுட்டா. அன்னிக்கின்னு பாத்து காலைலயே போன் வருது. புஷ்பாவுக்கு வேலை கெடச்சுடுச்சாம்! ராத்திரி ஏழு மணிக்கு மறுபடியும் கூப்பிடுவாங்களாம், சேர்றேன்னு அவ வாயால சொல்லணுமாம், இல்லன்னா வேலை வேற ஆளுக்குப் பூடுமாம்.

எனக்கு வாயெல்லாம் துருதுருங்குது. "போன் அடிச்சுதே, யாருக்கா?"ன்னு நாகம்மா வந்து நிக்கறா. பெத்தவ. "ராங் நம்பரு"ன்னுட்டேன். "இன்னாடி மூஞ்சி ஒரு மாதிரி கீது?"ன்னு பொன்னியம்மா மோப்பம் புடிச்சுகினு வந்துட்டா. பல்வலின்னு கன்னத்தக் கையால புடிச்சுகினேன். கைய எடுத்தா சேதி வெளிய வந்துடும்போல இருந்துது. சாயங்காலம் ஸ்டேஷனுக்கே போய் நின்னுட்டேன். ஒரு ரயில் வந்துது, அவ இல்ல. அடுத்த ரயில்ல மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு எறங்குனா.

சேதிய சொன்னேன். "கெடச்சுதுன்னு திருப்பிச் சொல்லுடி."

"கெடச்சுது அத்தே"ன்னு பிளாட்பாரத்துலயே அழுதுட்டா. அப்பறம் கண்ணத் தொடச்சுகினு, "அம்மா இன்னா சொன்னாங்க?"ன்னா.

"அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது."

"காலைலேர்ந்தா? நீங்களா?"

"நீதான அந்தாளுகிட்ட சொன்னே, உசுரே போனாலும்னு."

புஷ்பா என்னியக் கட்டிப் புடிச்சுகிச்சு. "ஐயோ அத்தே, அன்னிக்கி நான் அடிச்ச பொய்யே அது ஒண்ணுதான்!"

"போடி கழுத, அதான் நெசமாக்கிட்டேன் இல்ல?"ன்னேன். கோவமாத்தான் சொன்னேன், ஆனா கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

"போதும் அத்தே, இனிமே நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லுங்க"ன்னா. அவ சொன்னதுதான் தாமசம், செருப்பு அறுந்தது கூடத் தெரியாம ஓடுனேன்.

ஏழு மணிக்குப் போன் அடிச்சப்போ ஊடு பூரா சனம். பொன்னியம்மா முறுக்குத் தட்டோட சப்பணம் போட்டுகினு கீறா. நாகம்மா என் முந்தானையப் புடிச்சுகினு நிக்கறா. புஷ்பா போன எடுத்து, இந்த லைனுக்கே கேக்கற மாதிரி கத்துனா: "சேர்றேன் சார்!"