கல்லறைக்கு மேல் போட்ட மேசை

1

இந்தக் கதை பிறந்தது ஒரு கேக் துண்டிலிருந்து. 2006இல், லண்டனில், என் அக்கா மகள் மிதுஷாவைப் பெண் பார்க்க வந்த அன்று அந்த மேசையில் நானும் இருந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழையில் நனைந்தபடி நின்ற அந்தப் புராதன தேவாலயம்...' (அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.)

மறுபடியும்: மிதுஷா சனிக்கிழமைகளில் பழைய தேவாலயங்களாகத் தேடிப்போய்ப் பார்க்கிறவள். மாப்பிள்ளை யனுஷனையும் அவன் தாய் ஜெகதீஸ்வரியையும் எங்கே சந்திப்பது என்ற பேச்சு வந்தபோது, ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இருக்கும் தேநீர்க்கடையைச் சொன்னவளும் அவள்தான். இது இருக்கட்டும்.

2

ஜெகதீஸ்வரி வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். (நாங்கள் சைவக்காரர். யாருடைய சாமி என்றாலும் வெறுங்கால்தான்.) வெள்ளைக்காரர் பார்க்க, நாங்களும் கழற்றினோம். தேநீரும் கேக்கும் வந்தன. அப்போது மிதுஷா, சீனி கேட்கிற குரலில் சொன்னாள்:

"அன்ரி, காலுக்குக் கீழை பாருங்கோ. அது கல்லறை. இஞ்சை நிலம் முழுக்க அப்பிடித்தான்."

குனிந்தேன். என் பெருவிரல் யாரோ ஒருவரின் பெயருக்கு மேல் இருந்தது. தூக்கிவாரிப் போட்டது. அக்கா "ஐயோ!" என்றாள், வாயிலிருந்த கேக்கை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. யனுஷன் இரண்டு கால்களையும் கதிரைக்கு மேல் தூக்கிவிட்டான். நல்ல காரியம் பேச வந்த இடத்தில், பிணத்துக்கு மேல் இருந்து... (இந்த வாக்கியம் என்னால் ஆகாது.)

3

இங்கேதான் எனக்கு மிதுஷா மேல் சந்தேகம் வருகிறது. அந்தக் கல்லெல்லாம் வாசித்தவள் அல்லவா? யனுஷன் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்ல அவளுக்குத் துணிவில்லை. அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டாரே எழும்பிப் போகட்டும் என்றுதான் எங்களை இங்கே கூட்டி வந்திருக்கிறாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை! ஆடிப்போனேன்.

முடிவு அ: ஜெகதீஸ்வரி எழும்பிப் போகிறார். மிதுஷா தப்புகிறாள். (எழுத ஆசைதான்.)

ஆனால் ஜெகதீஸ்வரி காலை எடுக்கவேயில்லை. இன்னொரு துண்டு கேக் வெட்டினார்.

"தொண்ணூற்றைஞ்சிலை ஊரிலை சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து போய், வேதக்காரற்றை சேமக்காலைக்குள்ளைதான் பிள்ளை மாசக்கணக்கா இருந்தனாங்கள். கல்லறைக்கு மேலைதான் அடுப்பு மூட்டிச் சமைச்சது. செத்தவை எங்களை ஒண்டும் செய்யேல்லை."

(சேமக்காலை: கிறிஸ்தவர்களின் இடுகாடு. இதற்கு மேல் விளக்கம் எழுத எனக்குக் கை வரவில்லை.)

மிதுஷாவின் முகம் வெளிறிப்போயிற்று. ஜெகதீஸ்வரி அவள் கையைப் பிடித்தார்.

"எனக்கு உம்மைப் பிடிச்சிருக்கு. இனி நீர் சொல்லும். என்ரை மகனைப் பிடிச்சிருக்கோ?"

4

முடிவு ஆ: "ஓம்." எழுதிப் பார்த்தேன், பொய்போல இருந்தது.

முடிவு இ: "இல்லை, அன்ரி. எனக்கு..." அக்கா இதை வாசிப்பாள்.

அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். நீங்கள் வந்து அவளுடைய கதிரையில் இருங்கள். அந்த மனுஷி இன்னும் உங்கள் கையை விடவில்லை. சொல்லுங்கள்.