வீடு சேர்வார்

காலையில் ரேடியோ கேட்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மாமனார் இன்றுவரை நம்பவில்லை. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பத்திரிகையில இருக்கார்" என்று மென்று விழுங்கிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

வேலைக்குப் போகும் வழியில் எங்கள் ஊர்ப் பண்பலை நிலையங்களைக் கேட்பது, வாரம் ஒருமுறை அவற்றைக் கிழித்துத் தொங்கவிடுவது, இதுதான் என் வேலை. பத்தியின் பெயர் 'காதுக்கு எட்டியவரை'. முடிவில் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடுவேன். ஐந்து இதுவரை யாருக்கும் போட்டதில்லை. போட்டால் என் மரியாதை என்ன ஆவது?

காரை ஓட்டுவது மகாராணி. என் மனைவிக்கு வீட்டில் நான் வைத்த பெயர் அது. எனக்கு ஓட்ட வராது. கற்றுக்கொடுக்க வந்தவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மேம்பாலம் இறங்கியதும் என் அலுவலகம். வாசலில் என்னைக் கழற்றிவிட்டு அவள் போவாள். சாயங்காலம் அவள் முன்னால் வீடு திரும்பிவிடுவாள், நான் பஸ்ஸைப் பிடித்துப் பின்னால் வருவேன்.

வழி முழுக்க என் விரல் ரேடியோக் குமிழின் மேல்தான் இருக்கும். அறிவிப்பாளர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தால் அடுத்த நிலையம். பாட்டு நடுவில் நகைக்கடை விளம்பரம் வந்தால் அடுத்த நிலையம். ஒரு நிலையத்தின் வண்டவாளம் தெரிய இரண்டு வாக்கியம் போதும் என்பது என் கட்சி.

"எதையாவது முழுசாக் கேட்டிருக்கீங்களா நீங்க? நான் பேசுறதையே பாதியிலதான் திருப்புறீங்க" என்பாள் மகாராணி.

"நீ மட்டும்? போன்ல நான் பேசிட்டே இருக்கும்போது டொக்குனு வச்சிடறே."

"அது வேற. நீங்க சொல்றதுல கடைசி பாதி எப்பவும் தேவையில்லாததுங்க."

ஒரு மழைக்காலக் காலையில், தன்னைத் தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ளும் ஒரு நிலையத்துக்கும், ஜலதோஷம் பிடித்த ஒருவர் பழைய பாட்டு போடும் இன்னொன்றுக்கும் நடுவில் அந்தக் குரல் கிடைத்தது. பெண் குரல். வயது சொல்ல முடியவில்லை. பின்னணி இசை இல்லை, வணக்கம் இல்லை, நிலையத்தின் பெயர்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் அடுத்த ஆளைக் கூப்பிடுவது போல, ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தது.

"நீல ஹெல்மெட், கிழிந்த சட்டைப் பை. வீடு சேர்வார். தண்ணீர் கேன் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருப்பவர், இடது கையில் கட்டு. வீடு சேர்வார். பச்சைக் குடை, ஒரு கம்பி உடைந்தது. வீடு சேர்வார்."

சிக்னலில் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது ஒரு நீல ஹெல்மெட். சட்டைப் பை ஓரத்தில் கிழிந்து தொங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் குரல் தொடர்ந்தது.

"சாம்பல் நிறக் கார். ஓட்டுகிறவர், மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் பசை போட்டு ஒட்டியது. வீடு சேர்வார். பக்கத்தில் இருப்பவர், விரல் குமிழின் மேல். வீடு சேர்வார்."

மகாராணி கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் பயமும் வரவில்லை. சிக்னலுக்குச் சிக்னல் கேமரா இருக்கிறது, யாரோ காப்பீட்டுக் கம்பெனிக்காரன் புதுசாக விளம்பரம் செய்கிறான் என்று நினைத்தேன். விமர்சகன் புத்தி அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்த நிலையம் பிடித்துப்போனது. 'அந்தம்மா ரேடியோ' என்று பெயர் வைத்தாள். எங்கள் வரி வரும்வரை என் கையைத் தட்டிவிடுவாள். வந்ததும், "சரி, சொல்லிட்டாங்க. இனிமே மாத்திக்கோங்க" என்பாள். அவள் தோள் கொஞ்சம் தளர்வதை நான் கவனித்திருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்து எந்த வீட்டுக்குக் கெட்ட சேதி போகிறது என்று முதலில் தெரிந்துகொள்கிறவளுக்கு, காலையில் யாராவது இப்படி ஒரு வார்த்தை சொன்னால் ஆறுதலாக இருக்கும்போல.

எனக்கோ காது புளித்துப்போனது. அந்த வாரப் பத்தியில் எழுதினேன்: "இப்படி ஒரு கழுத்தறுப்பு நிலையம் நம் ஊருக்கு வந்திருக்கிறது. தெருவில் போகிற எல்லோரையும் வரிசையாகச் சொல்லி, வீடு சேர்வார், வீடு சேர்வார் என்று ஜபம் செய்கிறார்கள். அம்மணி, எல்லோரும்தான் வீடு சேர்கிறார்கள்! அதில் என்ன செய்தி இருக்கிறது? சேராதவர் யாராவது இருந்தால் அவரை மட்டும் சொல்லுங்கள். சுருக்கமாக இருக்கும், கேட்கவும் ஆள் இருக்கும். இரண்டு நட்சத்திரம், குரல் தெளிவுக்காக."

அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். தலைதான் ஆகாயத்தில் இடித்தது.

பத்தி வெளியான மறுநாள் அந்த இடத்துக்குக் குமிழைத் திருப்பியபோது வெறும் அமைதி. இரைச்சல்கூட இல்லை, யாரோ மைக் முன்னால் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பது போன்ற அமைதி. மேம்பாலத்தின் உச்சிக்கு வரும்போது குரல் வந்தது.

"மஞ்சள் மழைக்கோட்டு, ஸ்கூட்டரின் முன்னால் காய்கறிப் பை." கொஞ்சம் இடைவெளி. "இன்று அவ்வளவுதான். விமர்சகருக்கு நன்றி."

"நல்லவேளை, உங்க பேச்சையும் ஒருத்தங்க மதிச்சுட்டாங்க" என்றாள் மகாராணி. பிறகு, "ஆனா நம்மளச் சொல்லவே இல்லையே" என்றாள். மஞ்சள் மழைக்கோட்டு எங்களைத் தாண்டிப் போனது. பையிலிருந்து கீரைக்கட்டு ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கீரைக்கட்டை நான் மறுபடி பார்த்தது சாயங்காலம், செய்திப் பிரிவின் மேசையில், புகைப்படத்தில். தார்ச்சாலையில் சிதறிக் கிடந்தது. பக்கத்தில் மஞ்சளாக ஏதோ மூடப்பட்டிருந்தது. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, தற்செயல், தற்செயல் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். கண்ணாடியில் இருந்தவன் நம்பவில்லை.

அடுத்த நாள் இரண்டு பேர். அதற்கும் அடுத்த நாள், எங்கள் அலுவலக வாசலில் செருப்புத் தைக்கிறவரிடம் காலணி கொடுத்துவிட்டு ஒற்றைக்காலில் நின்ற ஓர் ஆள். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் சாயங்காலம் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். முன்பும் ஊரில் விபத்து நடக்காமல் இல்லை. ஆனால் அந்தக் குரல் எல்லோரையும் வாசித்துக்கொண்டிருந்த நாட்களில் நடந்ததா என்று பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் வழித்தடத்தில் ஒன்றுகூட இல்லை. அவள் வாசித்தது வெறும் செய்தி இல்லை. ஒவ்வொருவரையும் பெயர் தெரியாமலே கைப்பிடித்து வீட்டில் விட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நிறுத்திவிட்டேன்.

அந்த வாரம் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஐந்து நட்சத்திரம் போட்டேன். பெரிதாக மன்னிப்பெல்லாம் கேட்டு, கடைசிப் பத்தியில் கெஞ்சினேன்: "தயவுசெய்து பழையபடியே எல்லோரையும் வாசியுங்கள். எவ்வளவு நீளமானாலும் வாசியுங்கள்." எங்கள் உதவி ஆசிரியருக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். எதைக் கொடுத்தாலும் வாலிலிருந்து வெட்டுவார். காலையில் தாளைப் பிரித்தால், என் கெஞ்சல் இருந்த இடத்தில் மெத்தை விளம்பரம் இருந்தது. ஐந்து நட்சத்திரம் மட்டும் பத்திரமாக இருந்தது. அதாவது, இப்போது செய்வது அருமை, இப்படியே செய்யுங்கள் என்று அர்த்தம்.

தாளை நான் பிரித்தது காரில், மேம்பாலம் ஏறும்போது. ரேடியோவில் அந்த அமைதி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

"சாம்பல் நிறக் கார்" என்றது குரல். "உள்ளே இருவர். அதில் ஒருவர்..."

என் விரல் திருப்பிவிட்டது.

வேண்டுமென்று செய்யவில்லை. இத்தனை வருஷப் பழக்கம். பிடிக்காததைக் கேட்டால் விரல் தானாகத் திருப்பிவிடும். யாரோ தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். அடித்துப் பிடித்துக் குமிழைப் பின்னால் கொண்டுவந்தேன். அந்த இடத்தில் வெறும் இரைச்சல். முன்னால் திருப்பினேன், பின்னால் திருப்பினேன். வாழ்நாளில் ஒரே ஒரு வாக்கியத்தை முழுசாகக் கேட்க வேண்டியிருந்தது, அதையும் பாதியில் விட்டுவிட்டேன்.

மகாராணிக்கும் கேட்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். போட்டோக்களைப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"வண்டியத் திருப்பு" என்றேன்.

"பாலத்து மேல எங்கங்க திருப்புறது?"

"அப்ப இறங்கினதும் திருப்பு. லீவு போடு. வீட்டுக்குப் போயிடலாம்."

"ராத்திரி எடுத்த ரத்தமெல்லாம் அங்க காத்துட்டு இருக்கு. என்ன ஆச்சு உங்களுக்கு? முகமெல்லாம் வேர்க்குது."

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். தெருவில் போகிறவனின் சட்டைப் பை கிழிசல் வரைக்கும் எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை எத்தனை நாளாகப் பார்க்கவில்லை! அவளிடம் எதையும் விளக்க நேரமில்லை. வாயைத் திறந்தேன்.

"சாம்பல் நிறக் கார். ஓட்டுகிறவர், மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் பசை போட்டு ஒட்டியது. வலது கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம். நகத்தில் மருந்துக் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாதது. காதோரம் நரைத்த ஒரு முடி, அதைப் பிடுங்கவிடாதவர். வீடு சேர்வார்."

என் குரலாகவே இல்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல், அடுத்த ஆளைக் கூப்பிடுவது போல வந்தது.

மகாராணி சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நரைமுடியெல்லாம் பாத்து வச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள். குரல் குழைந்திருந்தது.

அலுவலக வாசலில் இறங்கும்போது, எனக்கும் ஒரு வரி சொல்லேன் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தக் குரல் சொன்னது இருவரில் ஒருவர். இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டால் எந்த வரி செல்லும், எது செல்லாது? அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. கேட்காமல் கதவைச் சாத்தினேன். கார் வளைவில் மறையும்வரை நின்று பார்த்தேன்.

இப்போது சாயங்காலம். அலுவலகத்தில் விளக்கு போட்டுவிட்டார்கள். நாள் முழுக்க ஒரு வரிகூட எழுதவில்லை. செய்திப் பிரிவின் மேசைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சற்றுமுன் போன் அடித்தது.

"வந்துட்டேங்க. கதவைத் திறந்து உள்ள வந்தாச்சு, போதுமா? காலையில இருந்து எத்தனை தடவை போன் பண்ணிட்டீங்க!"

நாற்காலியில் சரிந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் வீடு சேர்ந்துவிட்டாள். அடுத்த மூச்சில், காலையில் நான் கேட்காமல் விட்ட மீதிப் பாதியும் புரிந்தது.

"நீங்க எப்ப வர்றீங்க?"

இங்கேயே படுத்துக்கொண்டால் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். படுத்துக்கொண்டாலும் வீடு சேராதவன்தானே. எனக்கு நானே அந்த வரியைச் சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல் குரல் எழும்பவில்லை.

"இப்பக் கிளம்பிட்டேன்" என்றேன். "ஒரு நிமிஷம் வைக்காதே. நான் எப்படி இருப்பேன்னு கொஞ்சம் சொல்லேன். காலையில நான் சொன்னேனே, அந்த மாதிரி."

"என்னது, பதிலுக்கு நானும் பாராட்டணுமா?" அவள் சிரித்தாள். "சரி, கேட்டுக்கோங்க. முன்மண்டை வழுக்கை. சட்டையில மேல் பட்டன் இல்லாதவர், தைச்சுக் குடுன்னு கேக்கவும் மாட்டார், தானும் தைக்க மாட்டார். வாய் மட்டும் ஊருக்கே போதும். ஆனா காலையில ஒரு தடவை என்னை நல்லாப் பாத்தவர்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "அப்புறம்? கடைசியில..."

"ஐயோ, அடுப்புல பால் பொங்குது. நேர்ல வாங்க, பேசிக்கலாம்."

டொக்.

மறுபடி கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. போனைக் கூடத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பாள். ஜன்னலுக்குக் கீழே என் பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கிறது. பையை மாட்டிக்கொண்டேன்.