நீலக்கரையின் ரகசியத்தைச் சொன்னது யார்

"நான் கிணத்துக்குள்ள இறங்குறேன்" என்று சாய்சரண் சொன்னபோது உம்மே ஹானியின் பேனா குறிப்பேட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

கிணறு என்று ஒன்று இருப்பதே அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. கலங்கரை விளக்கத்தின் பின்புறம் உப்பு மூட்டைகளுக்கு அடியில் மறைந்து கிடக்கும் கிணறு அது. காவல்காரனை ஏமாற்றி, மூட்டைகளைப் புரட்டி, குறைந்தது மூன்று ஞாயிற்றுக்கிழமையாவது அலைந்த பிறகுதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவள் எழுதி வைத்திருந்தாள். சாய்சரணோ பால் வாங்கக் கடைக்குப் போகிறவன் போல நேராகப் போய் மூட்டையைத் தள்ளினான்.

"எந்தக் கிணறு?" என்று கேட்டார் வேம்பு.

"கலங்கரை விளக்கத்துக்குப் பின்னாடி, சார். என் கேரக்டருக்கு ஒரு உள்ளுணர்வு."

வேம்பு ஹானியைப் பார்த்தார். ஹம்சினியும் பார்த்தாள். 'எங்களுக்குச் சொல்லாமல் இவனுக்கு மட்டும் சொன்னாயா' என்று கேட்கும் பார்வை. ஹானி தன் பங்குக்குத் தல்ஹாவைப் பார்த்தாள். அவன் தலை குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தான்.

நீலக்கரை எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். ஹானி இரண்டு வருடமாகத் தன் மனதில் கட்டிய துறைமுகப் பட்டினம் அது. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மந்தைவெளியில் ஹம்சினியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அவர்கள் உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு கேரக்டர். தல்ஹா படகோட்டி, ஹம்சினி வைத்தியச்சி, வேம்பு திருடன். என்ன செய்யப் போகிறோம் என்று அவரவர் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். ஊரையும் ஊராரையும் அதில் ஒளிந்திருக்கும் ரகசியங்களையும் நடத்துகிற கேம் மாஸ்டர் ஹானி.

வாரம் முழுக்க அடையாறில் ஒரு கிளினிக்கில் காது பரிசோதனை செய்கிறவள் அவள். தல்ஹா அவளுடைய சித்தி மகன், திருவல்லிக்கேணியில் பிரிண்டிங் கடை வைத்திருப்பவன். ஹம்சினி பிசியோதெரபிஸ்ட். வேம்பு தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர், கீழ்வீட்டுக்காரர். சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொல்ல ஒருநாள் மாடி ஏறி வந்தவர், விளையாட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றார். அடுத்த வாரம் சொந்தமாகப் பகடை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஐந்தாவது ஆளாக சாய்சரணை அழைத்து வந்தது ஹம்சினிதான். தி. நகரில் அவள் போகும் ஜிம்மில் பழக்கம். நன்றாகப் பேசுவான். முதல் வாரம் எல்லோருக்கும் வாழைப்பூ வடை வாங்கி வந்தான். இரண்டாம் வாரம், மூன்று மாதமாக மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்த கிழட்டு மாலுமியை, அவன் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்குள் குத்திக் கொன்றான். மூன்றாம் வாரம், வேம்புவின் திருடன் தூங்கும்போது அவன் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கடலில் வீசினான். ஏன் என்று கேட்டால், "என் கேரக்டர் அப்படிப்பட்ட ஆள், மச்சி. நான் என்ன பண்ண முடியும்?" என்பான்.

ஆனால் சனிக்கிழமை தோறும் அவனே ஹானிக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்பான். கொஞ்சம் ஓவராகப் போய்விட்டேன் என்பான். பிறகு, இவ்வளவு பெரிய ஊரை எப்படித் தனியாக யோசித்தீர்கள் என்று ஆரம்பிப்பான். அப்படி இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. போனை வைக்கும்போது கோபம் போயிருக்கும்.

கிணற்றுக்குப் பிறகும் அது நிற்கவில்லை. அடுத்த வாரம், துறைமுக அதிகாரி கொடுத்த பானத்தில் விஷம் என்று குடிப்பதற்கு முன்பே சொன்னான். அதற்கடுத்த வாரம், ஊமையாக நடிக்கும் பெண் ஊமை இல்லை என்றான். மேசையில் பேச்சு குறைந்தது. ஹம்சினி தன் கேரக்டரின் விவரம் எழுதும் ஷீட்டைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். வேம்பு ஹானி சொல்வதை வழக்கம் போல இரண்டு தடவை கேட்பதை நிறுத்திவிட்டு, காதுக்கு எட்டாவிட்டாலும் தலையாட்டினார். தல்ஹா ஹானியிடம் உருதுவில் ஏதாவது முணுமுணுத்தால் ஹம்சினியின் முகம் இறுகியது.

ஹானி திரும்பத் திரும்ப யோசித்தாள். ஞாயிறுக்கு முன்பே அவளுடைய தாள்களைப் பார்க்கிறவன் ஒருவன்தான். அவள் கிறுக்கித் தருவதை அழகான வரைபடமாக வரைந்து, அச்சடித்து எடுத்து வருகிறவன் தல்ஹா.

புதன்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் அவன் கடைக்குப் போனாள். அவன் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"இன்னா ஆபா, திடீர்னு?" என்றான். அக்காவை அவன் உருதுவில் அப்படித்தான் கூப்பிடுவான்.

"கிணத்தைப் பத்தி சாய்சரண் கிட்ட சொன்னியா?"

அவன் எண்ணுவதை நிறுத்தினான். "நான் இன்னாத்துக்குச் சொல்லணும்?"

"உன்னைத் தவிர வேற யாரும் என் பேப்பரைப் பாக்கறதில்ல."

"நான்தான்னு முடிவு பண்ணிட்டு வந்துகீறியா, இல்ல கேக்க வந்துகீறியா?"

அவன் பத்திரிகைக் கட்டை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான். வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்ததும் அவரிடம் சிரித்துப் பேசினான். அவள் வெளியே வந்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தல்ஹா வரவில்லை.

அன்று வீடு திரும்பியதும் அவன் கடைசியாக வரைந்து தந்த வரைபடத்தை எடுத்துப் படுக்கையில் விரித்தாள். கலங்கரை விளக்கம் இருந்தது. உப்புக் கிடங்கு இருந்தது. கிணறு இல்லை. அவள் கிறுக்கிக் கொடுத்த தாளையும் தேடி எடுத்தாள். அதிலும் இல்லை. ரகசியம் என்பதால் அவளே அதை வரையாமல் விட்டிருந்தாள். விஷமும் ஊமைப் பெண்ணும் எந்த வரைபடத்திலும் வரக்கூடியவை அல்ல. எல்லாம் குறிப்பேட்டில் மட்டுமே இருந்தன.

உடனே தல்ஹாவுக்கு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அதற்குள் சந்தேகம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அவளுடைய பையும் குறிப்பேடும் ஞாயிறு மதியம் முழுக்க யார் வீட்டில் கிடக்கின்றன? சாய்சரணை அழைத்து வந்தது யார்? நடுவில் டீ போடுகிறேன் என்று எழுந்து போகிறவள் யார்? பத்து வருடத் தோழியைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த வாரம் கழிப்பறைக்குப் போகும்போதும் குறிப்பேட்டைப் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். ஹம்சினி அதைப் பார்த்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கான பரிசோதனைச் சீட்டில் வேம்பு என்று பெயர் இருந்தது. வேறு யாரோ என்று நினைத்தாள். கதவைத் திறந்தால், இஸ்திரி போட்ட சட்டையில், கையில் குடையுடன் அவரே நின்றிருந்தார்.

"சார், ஒரு போன் பண்ணியிருந்தா நானே..."

"எல்லாரையும் போல வரணும்னுதான் சீட்டு வாங்கிண்டு வந்தேன்" என்றார்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். அவர் பரீட்சை எழுதும் மாணவனைப் போல முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, மிக மெல்லிய ஒலிக்குக்கூட அழுத்தினார். இருபது நிமிடத்தில் முடிந்தது. கேட்கும் திறனைக் காட்டும் வரைகோடு அவர் வயதுக்கு நன்றாகவே இருந்தது.

"காது சரியாத்தான் இருக்கு, சார். ஃபேன் ஓடற ரூம்ல நாலு பேர் சேர்ந்து பேசினா யாருக்குமே கொஞ்சம் கஷ்டம்தான்."

அவர் குடையை மடிமேல் வைத்துக்கொண்டார். "அப்ப நான் செவிடுன்னு ஏன் சொன்னே? கிழவன் வந்து விளையாட்டையே கெடுக்கறான், எப்படிப் போகச் சொல்றதுன்னு தெரியலைன்னு?"

"நான் யார்கிட்ட சொன்னேன்?"

"சாய்சரண் கிட்ட. அவன் எனக்காக உன்கிட்ட வாதாடினானாம். அதையும் அவனே சொன்னான். ஆத்துல ஒரு வாரமா யோசிச்சிண்டே இருந்தேன். நிறுத்திடலாம்னுதான் இருந்தேன். சரி, நிஜமாவே காது கேக்கலையான்னு முதல்ல தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

ஹானி பரிசோதனைத் தாளை மேசையில் வைத்தாள். "நான் அப்படிச் சொல்லவே இல்லை, சார்" என்றாள். சொல்லும்போதே, வேறு ஏதோ சொன்னது நினைவுக்கு வந்தது. வேம்பு சாருக்கு எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது, பாவம், ஆனால் அவர் இல்லாமல் விளையாட்டே இல்லை என்று ஒருநாள் போனில் சாய்சரணிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். பின்பாதி அவரிடம் வந்து சேரவில்லை. அதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னாள்.

"இரண்டு தடவை கேக்கறது நிஜம்தான்" என்றார். பிறகு, "ஹம்சியையும் கேட்டுப் பாரு. அவளும் ஒரு மாதிரியாத்தான் இருக்கா" என்றார்.

மதிய இடைவேளையில் ஹம்சினிக்கு போன் செய்தாள். மூன்றாவது முறைதான் எடுத்தாள்.

"நீயும் தல்ஹாவும் உருதுல என்னைப் பத்தித்தான் பேசிக்கறீங்கன்னு சாய் சொன்னான்" என்றாள் ஹம்சினி. "நான் நம்பலைதான், ஹானி. ஆனா அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் சிரிச்சா காதுல விழுந்துண்டே இருந்தது. அப்புறம் நீ பையைத் தூக்கிண்டு பாத்ரூம் போனே."

"உன்னைச் சந்தேகப்பட்டேன்."

"தெரியும்."

மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஹானி போனை வைத்தாள்.

வைத்த பிறகு ஹானி அழைப்புப் பட்டியலைத் தேடிப் பார்த்தாள். சனிக்கிழமை, சாய்சரண், முப்பத்தெட்டு நிமிடம். சனிக்கிழமை, சாய்சரண், ஐம்பத்தோரு நிமிடம். கிணறு வந்த வாரத்துக்கு முந்தின சனிக்கிழமையும் இருந்தது. என்ன பேசினோம் என்று கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். இவ்வளவு பெரிய ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவன் கேட்டான். அது ஒரு பெரிய கதை என்று அவள் ஆரம்பித்தாள். அதிகாரி நல்லவனா என்று கேட்டான். அவன் கையால் எதையும் வாங்கிக் குடிக்காதே என்று சொல்லிச் சிரித்தாள். அவள் பையை யாரும் திறக்கவில்லை. ரகசியத்தைச் சொன்னது அவள்தான்.

அன்று மாலையே தல்ஹாவின் கடைக்குப் போனாள். நேராகச் சொன்னாள். "நீ இல்ல. நான்தான் சொல்லியிருக்கேன், எனக்கே தெரியாம. உன்மேல பழி போட்டது தப்பு."

தல்ஹா இயந்திரத்தை நிறுத்தவில்லை. "சரி" என்றான்.

"ஞாயித்துக்கிழமை வா."

"எனக்கு அவன் மேல கோவம் இல்ல, ஆபா. அவன் நேத்து வந்தவன். நீ என்னை சின்ன வயசுலேர்ந்து பாத்துகினு கீற." பேப்பரைச் சரியாகத் தட்டி வைத்தான். "இப்ப வேலை கீது. அப்புறம் பாக்கலாம்."

ஞாயிறு மதியம் சாய்சரண் வழக்கம் போல இரண்டுக்கு ஐந்து நிமிடம் முன்பு வந்தான். மேசையில் பகடையும் ஷீட்டும் இல்லாததைப் பார்த்து நின்றான். ஹானி சுற்றி வளைக்கவில்லை. வேம்புவிடம் அவன் சொன்னதை வேம்புவின் முன்னாலும், ஹம்சினியிடம் சொன்னதை ஹம்சினியின் முன்னாலும் சொன்னாள். தன் வாய் தவறியதையும் சேர்த்தே சொன்னாள்.

முதலில் அவன் சிரித்தான். "கேம்தானே, மச்சி. இதையெல்லாம் போய் சீரியஸா எடுத்துக்கிட்டு."

யாரும் சிரிக்கவில்லை. வேம்பு, "நான் காது டெஸ்டே பண்ணிண்டு வந்துட்டேன்பா" என்றார், வருத்தமாக.

அதைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நீங்க நாலு பேரும் ஏற்கெனவே ஒண்ணா இருந்தீங்க" என்றான். "நான் சொன்ன ஜோக்குக்கு நீங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டுதான் சிரிப்பீங்க. தனித்தனியாப் பேசினாதான் நான் ஒரு ஆளுன்னு தெரிஞ்சுது." பிறகு அதையும் சொல்லியிருக்கக் கூடாது என்பது போல, செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று இறங்கிப் போனான்.

அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்ததாக ஹானிக்குப் பட்டது. அது உண்மையா, அல்லது இதுவும் ஒவ்வொருவருக்கும் ஏற்ற மாதிரி அவன் பேசுகிற பேச்சில் ஒன்றா என்பதை அவளால் முடிவு செய்ய முடியவில்லை. அதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

தல்ஹா ஐந்து வாரம் கழித்து வந்தான். தன் நாற்காலியில் உட்கார்ந்து, படகு எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்டான். அன்று விளையாட்டு சுமாராகத்தான் போனது. எல்லோரும் ஒருவருக்கொருவர் அளவுக்கு மீறி மரியாதை காட்டினார்கள். வேம்பு மறுபடி எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டார். அது ஒன்றுதான் பழையபடி இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் கிளினிக்கில் இருக்கும்போது ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பெசன்ட் நகரில் இதே மாதிரி விளையாடும் குழு ஒன்றை நடத்துகிறவளாம், பெயர் ஃபிர்தௌஸ். சாய்சரண் சேரக் கேட்டிருக்கிறான், உங்கள் மேசையில் ஆடியதாகச் சொன்னான், ஆள் எப்படி என்றாள்.

ஹானி அறைக் கதவைச் சாத்தினாள். "நான் சொல்றதை அவர்கிட்டயும் சொல்லிடுவேன். பரவாயில்லையா?"

"அது எதுக்கு?"

"அவர் இல்லாதப்ப அவரைப் பத்திப் பேசறோமே, அதுக்குத்தான்."

பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னாள். கேரக்டரைச் சாக்கு வைத்துச் செய்ததையும், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் வெட்டி ஒட்டிச் சொன்னதையும். கடைசியில், "சேர்த்துக்கறதா இருந்தா முதல் நாளே நல்லா இடம் கொடுங்க. தனியாப் பேச வந்தா, ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் பேசலாம்னு சொல்லுங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டு, ஃபிர்தௌஸிடம் சொன்னதை வார்த்தை மாற்றாமல் சாய்சரணுக்குத் தட்டச்சு செய்து அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் நீல டிக் வந்தது. 'டைப்பிங்' என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஹெட்போனைத் துடைக்க எடுத்தாள்.